பறவையெச்சமும் மோட்டார் வண்டியின் மேற்பூச்சும்

வெயிலுக்கு அஞ்சி மரநிழலைத் தேடுதல் வெப்ப நாட்டு மக்களின் இயல்பு. நண்பகலில் மாமரத்தின் கீழோ மழைமரத்தின் கீழோ மோட்டார் வண்டியை நிறுத்திச் சென்றவர் மாலையில் திரும்பி வரும்போது, அதன் கூரையிலும் முன்மூடியிலும் வெண்மையும் கருமையும் கலந்த எச்சம் காய்ந்து கிடத்தலைக் காண்கின்றார். காகங்கள் மலிந்த கொழும்பு மாநகரில் இஃது அன்றாட நிகழ்ச்சி. உடனே கைக்குட்டையை எடுத்து அழுத்தித் தேய்த்துவிடுதல் பலரது வழக்கம். எச்சம் அகன்றுவிடுகின்றது, ஆயின் அது கிடந்த இடத்தில் மங்கிய தழும்பொன்றும் நுண்ணிய கீறல்கள் பலவும் எஞ்சுகின்றன. தழும்பு எச்சத்தின் வேலை. கீறல் கைக்குட்டையின் வேலை.

இதனைச் சிறு காரியமென்று ஒதுக்குதல் தகாது. இலங்கையில் 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் மோட்டார் வண்டிகள் மீண்டும் வந்திறங்க 2025 ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. இருக்கும் வண்டியைப் பேணி வைத்திருப்பதன் அருமையை அவ்வாண்டுகள் பலருக்கும் உணர்த்தின. வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அவ்வண்டியே முதல். அதனை விற்க முற்படும் நாளில் வாங்க வருபவரின் கண் முதலிற் செல்வது மேற்பூச்சின் மீதே.

எச்சம் ஏன் இத்துணைக் கேடு செய்கின்றது என்பதை அறிய, அதன் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். மனிதன் உடலிலுள்ள நைதரசன் கழிவை யூரியாவாக நீரில் கரைத்துச் சிறுநீராக வெளியேற்றுகின்றான். பறவையோ நீரைச் சிக்கனமாகச் செலவிடுவது; அக்கழிவை யூரிக் அமிலமாக மாற்றி, வெண்ணிறக் குழம்பாக மலத்துடன் சேர்த்தே கழிக்கின்றது. எச்சத்தில் வெண்மையாகத் தோன்றுவது யூரிக் அமிலம். கருமையாகத் தோன்றுவது மலம். யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதிற் கரைவதன்று. சாதாரண வெப்பநிலையில் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 60 மில்லிகிராம் அளவே கரையும். மழை பெய்தும் எச்சத்தின் வெண்தடம் மறையாதிருப்பதற்குக் காரணம் இதுவே. அன்றியும் விதை, மணல், பூச்சியின் ஓடு முதலிய கடினமான துகள்களும் எச்சத்தில் உண்டு. காய்ந்த எச்சத்தைத் தேய்ப்பது, உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதை ஒக்கும்.

இனி, அது விழும் இடத்தை நோக்குவோம். இக்காலத்து வண்டியின் உலோகத்தின் மேல் துருத்தடைப் பூச்சு, இடைப்பூச்சு, நிறப்பூச்சு, தெளிபூச்சு என ஒன்றன்மேல் ஒன்றாகப் பல படைகள் உள்ளன. பளபளப்பைத் தருவதும் வெயிலைத் தாங்குவதும் மேலேயுள்ள நிறமற்ற தெளிபூச்சே. அதன் தடிப்பு பெரும்பாலும் 40 முதல் 50 மைக்கிரோன். மனிதனின் தலைமயிர் ஒன்றின் தடிப்பிலும் குறைவானது.

இம்மெல்லிய படைக்குத் தீங்கு இரு வழிகளில் விளைகின்றது. வெயிலில் நிற்கும் கருநிற வண்டியின் தகடு கை வைக்க இயலாதபடி சுடும். அச்சூட்டில் தெளிபூச்சு சற்றே இளகி விரிகின்றது. அதன்மேல் எச்சம் காய்ந்து இறுகுகின்றது. மாலையில் தகடு குளிரும்போது, பூச்சு அவ்வெச்சத்தின் மேடுபள்ளங்களைத் தழுவியவாறே சுருங்கி இறுகிவிடுகின்றது. பின்பு எச்சத்தை அகற்றினாலும் அதன் வடிவம் பூச்சிற் பதிந்திருக்கும். மற்றைய வழி இரசாயன முறையானது. 2009 ஆம் ஆண்டளவில் ஈரானிய ஆய்வாளர், எச்சத்திலுள்ள சமிபாட்டு நொதியங்கள் தெளிபூச்சின் பிணைப்புகளைச் சிதைக்கின்றன என்று காட்டினர். வெப்பம் மிகுந்தால் இச்சிதைவும் விரைவுபெறும். ஆகவே எச்சம் எவ்வளவு நேரம் கிடந்தது, எத்துணைச் சூட்டிற் கிடந்தது என்பனவே தழும்பின் ஆழத்தைத் தீர்மானிக்கின்றன.

அகற்றும் முறை எளிது; பொறுமை ஒன்றே வேண்டும். வண்டி சுடுமாயின் முதலில் நிழலுக்குக் கொண்டுசென்று ஆறவிடல் வேண்டும். பின்னர் வெதுவெதுப்பான நீரில் நன்கு நனைத்த மெல்லிய பருத்தித் துணியை எச்சத்தின்மேல் மூடி, ஐந்து முதல் பத்து நிமிடம் விடுதல் வேண்டும். எச்சத்தைக் கரைப்பது இதன் நோக்கமன்று. ஊறச்செய்து பிடியைத் தளர்த்துவதே நோக்கம். ஊறியபின் துணியை அழுத்தாது, எச்சத்தை அள்ளியெடுப்பதுபோல மேல்நோக்கி எடுத்தல் வேண்டும். ஒருமுறை எடுத்த துணியின் அதே பக்கத்தை மீண்டும் வைத்தலாகாது. மடித்துப் புதுப்பக்கத்தைப் பயன்படுத்துக. விடாப்பிடியாக ஒட்டியிருப்பின், அரை லீற்றர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவை முற்றாகக் கரைத்து, அந்நீரில் துணியை நனைத்து வைக்கலாம். யூரிக் அமிலம் காரநீரில் சற்று எளிதாக இளகும். சோடா கரையாது எஞ்சினால் அதன் துகளே கீறிவிடும். இறுதியில் நிறைய நீர் ஊற்றிக் கழுவி, வண்டிக்குரிய சவர்க்கார நீரால் துடைத்து, மென்துவாயால் ஈரம் ஒற்றுதல் வேண்டும்.

தும்பு, சலவைத்தூள், தின்னர் ஆகியவை பூச்சுக்குப் பகை. காய்ந்த எச்சத்தை உதிர்த்துத் தூசியாக்குதலும் தீது. அத்தூசி மூச்சுடன் உட்சென்று நோய் விளைத்தல் கூடும். நனைத்தே எடுத்து, பின்பு கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் நன்று.

எச்சம் போன பின்னும் தழும்பு தெரிந்தால் விரல்நகத்தை மெதுவாக அதன்மேல் ஓட்டிப் பார்க்கலாம். நகம் தடைப்படாவிடின் தழும்பு ஆழமற்றது. வெந்நீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்தால், பூச்சு இளகி ஓரளவு சமனாதலும் உண்டு. அதற்கும் மறையாவிடின் மென்மையான மெருகுக் குழம்பைச் சிறிதளவு எடுத்துத் தேய்க்கலாம். மெருகிடுதல் என்பது பூச்சில் ஒரு சிறு பங்கைத் தேய்த்தெடுப்பதே. அடிக்கடி செய்தால் தெளிபூச்சு தேய்ந்து வெயிலுக்கு இரையாகும். மொறிஸ் மைனர் போன்ற பழைய வண்டிகளுக்குத் தெளிபூச்சே இல்லாதிருந்தது. அவற்றை மெருகிடும்போது துணியில் வண்டியின் நிறம் ஒட்டுதல் இயல்பு. நகம் தடைப்படுமாயின் தழும்பு ஆழமானது. அதனைத் தேர்ந்த வர்ணவேலைக்காரரிடம் காட்டுதலே முறை.

வருமுன் காத்தல் இவை எல்லாவற்றிலும் எளிது. இரண்டு மூன்று திங்களுக்கு ஒருமுறை மெழுகு பூசிய வண்டியில் எச்சம் நேரே பூச்சைத் தொடுவதில்லை. மெழுகே முதல் அடியை ஏற்கின்றது. மாலையிற் காகங்கள் வந்தடையும் மரங்களையும், விகாரமகாதேவிப் பூங்காவில் உள்ளவை போன்று வௌவால்கள் தொங்கும் மரங்களையும் தவிர்த்து வண்டியை நிறுத்தலாம். ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு தூய துணியும் வண்டியில் எப்போதும் இருத்தல் வேண்டும். பறவையைத் தடுத்தல் இயலாது. எச்சம் காயுமுன் நீரைக் கொண்டு சேர்த்தல் எவர்க்கும் இயலும்.