பெரிய தியேட்டர் யாருக்குச் சொந்தம்?

கொச்சியிலிருந்து தொண்டிக்குப் போகும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மூணாறு, தேவிகுளம், பூப்பாறை என்று ஏறி, போடிமெட்டில் இறங்கி, தேனி வழியாக மதுரையைத் தொடுகிறது. சூரியநெல்லித் தோட்டங்களில் வாழும் தமிழர்களுக்கு மேற்கே ஒரு பெருநகரம், கிழக்கே ஒரு பெருநகரம். இரண்டிலும் ஊரே அடையாளமாகச் சொன்ன ஒரு பெரிய தியேட்டர் இருந்தது. எர்ணாகுளம் எம்.ஜி. ரோட்டில் 1969இல் திறந்த ஷேணாயீஸ், அகன்ற திரைக்குப் பேர்போனது. அது மூடப்பட்டு, 2021இல் ஐந்து திரைகளோடு மறுபடி திறந்தது. மதுரையின் தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’ படத்தோடு தொடங்கியது. 2,563 இருக்கைகள், ஆசியாவிலேயே பெரியது என்று ஊர் பெருமைப்பட்டது. இன்று அது இருந்த இடத்தில் ஜவுளிக்கடை நிற்கிறது. ‘காலம் மாறிவிட்டது, கூட்டம் வரவில்லை, தியேட்டர் போய்விட்டது’ என்று இதைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். இந்த விளக்கம் பாதிதான் உண்மை. பெரிய தியேட்டர்களைச் சாய்த்ததில் படவெளியீட்டு முறைக்கும் நிலத்தின் விலைக்கும் பெரும்பங்கு உண்டு. அங்கே பறிபோனது ஒரு முதலாளியின் தொழில் மட்டும் அல்ல, ஊர் மக்கள் கூடுவதற்கு இருந்த இடமும்தான்.

இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரும் அரங்கை எந்தக் கணக்கில் கட்டினார்கள்? படச்சுருள் விலை அதிகம். ஒரு படத்துக்குப் போடும் பிரதிகள் குறைவு. மதுரை போன்ற நகரத்தில் ஒரு புதுப்படத்துக்கு ஒரு தியேட்டர் என்பதே வழக்கம். பார்க்க விரும்பிய அத்தனை பேரும் அந்த ஒரே இடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். அதனால்தான் படங்கள் நூறு நாள், வெள்ளிவிழா என்று ஓடின. அங்கே ஓடி அலுத்த பிறகே படப்பெட்டி போடி, கம்பம் போன்ற ஊர்களுக்கு வந்தது. வந்த லாபம் ஊருக்குள்ளேயே கட்டடமாக எழுந்ததும் உண்டு. 1937இல் தியாகராஜ பாகவதர் நடித்து வெளியான ‘சிந்தாமணி’ ஈட்டிய பணத்தில் மதுரையில் கட்டிய தியேட்டருக்கு அந்தப் படத்தின் பெயரையே வைத்தார்கள்.

இந்தக் கணக்கு தலைகீழானதுதான் வீழ்ச்சியின் வேர். வீடியோ கேசட்டும் தொலைக்காட்சியும் கூட்டத்தைக் குறைத்தன என்பது உண்மை. ஆனால் டிஜிட்டல் முறை வந்த பிறகு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் படம் வெளியாகிறது. வசூலில் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே முடிந்துவிடுகிறது. பெரிய அரங்கு மூன்று நாள் நிரம்பி, மீதி நாள்களில் காலியாகக் கிடக்கிறது. சிறிய திரைகள் பல வைத்திருப்பவர் ஒரு படம் விழுந்தால் இன்னொன்றை மாற்றிக்கொள்வார். ஒற்றைத் திரைக்காரருக்கு அந்த வழி இல்லை. போதாக்குறைக்கு இந்தத் தியேட்டர்கள் நின்ற நிலமெல்லாம் நகரத்தின் நடுமையம். டிக்கெட் விற்று ஆண்டுக்கணக்கில் சேர்ப்பதை, நிலத்தை ஒருமுறை விற்றே எடுத்துவிடலாம். வரிச்சுமையும் சேர்ந்துகொண்டது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரிக்கு மேல் உள்ளாட்சி கேளிக்கை வரியும் வந்தபோது தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் நாள்கணக்கில் மூடிக் கிடந்தன.

போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு, இலங்கைப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ் சினிமாவின் அரசியலை ஆராய்ந்து சொன்ன ஒரு கருத்தை நினைவூட்ட வேண்டும். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்றார் அவர். கோயிலில் யார் எதுவரை போகலாம் என்பதைப் பிறப்பு தீர்மானித்த சமூகம் இது. அதில் காசு கொடுத்தவர் எவரானாலும் உள்ளே உட்காரலாம் என்பது சின்ன மாற்றம் அல்ல. அங்கேயும் தரை டிக்கெட், பெஞ்ச், பால்கனி என்று பிரிவு இருந்ததே என்று மறுக்கலாம். இருந்தது. ஆனால் அது சட்டைப்பையைப் பார்த்த பிரிவு. சாதியைப் பார்த்தது அல்ல. அதையும் தாண்டி, தரையும் பால்கனியும் ஒரே காட்சிக்கு ஒரே நொடியில் கைதட்டின. ‘பராசக்தி’யின் வசனம் அரசியல் பேச்சாக மாறியதற்கு எழுதியவரும் நடித்தவரும் மட்டும் காரணம் அல்ல, ஆயிரக்கணக்கானவர் சேர்ந்து கேட்கும்படி அமைந்த அரங்குகளும் காரணம். லயத்து வீட்டில் தனித்தனிக் கைபேசியில் பார்க்கும்போது படம் கிடைக்கிறது; பக்கத்தில் முன்பின் தெரியாத ஆயிரம் பேர் கிடைப்பதில்லை.

பழைய தியேட்டர்களில் புழுக்கமும் மூட்டைப்பூச்சியும் நாற்றமடித்த கழிப்பறையும் இருந்தன, பெண்கள் தனியாக வரத் தயங்கினார்கள், மல்டிபிளெக்ஸ்தானே அதை மாற்றியது என்பது அடுத்த மறுப்பு. நியாயமான குறைதான். ஆனால் அவை பராமரிப்பின் குறைகள். அரங்கு பெரிதாக இருந்ததால் வந்தவை அல்ல. ஜெய்ப்பூரில் 1976இல் திறந்த ராஜ் மந்திர் இன்றும் ஒற்றைத் திரையோடு, வெளியூர்க்காரர்கள் தேடிவந்து பார்க்கும் அரங்காக நிற்கிறது. ஆம்ஸ்டர்டாமில் 1921இல் திறந்த துஷின்ஸ்கி தியேட்டரில் அலங்காரமான பெரிய அரங்கை அப்படியே காத்து, பக்கத்தில் சிறிய திரைகளைச் சேர்த்தார்கள். பெரிய அரங்கைக் காப்பதும் கணக்கைச் சரிக்கட்டுவதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதற்கு இவையே சான்று. அந்த அளவுகோலில் ஷேணாயீஸ் பாதி வெற்றி: பெரிய அரங்கு போனாலும், அந்த மண்ணில் சினிமா தங்கியது. தங்கம் தியேட்டரில் அதுவும் இல்லை.

தனியார் சொத்தில் ஊருக்கு என்ன பேச்சு என்பதுதான் வலுவான எதிர்வாதம். நட்டத்தைச் சுமக்கச் சொல்லி உரிமையாளரைக் கட்டாயப்படுத்துவது அநியாயம். அதை நான் கேட்கவில்லை. ஊருக்குப் பயன் என்றால் செலவில் ஊரும் பங்கேற்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. பழைய தியேட்டரை இடித்துக் கட்டினால் புதுக் கட்டடத்திலும் ஒரு பங்கு இருக்கைகளுடன் தியேட்டர் இருக்க வேண்டும் என்ற விதி மகாராஷ்டிரத்தில் வந்தது. கேரளத்தில் 1975இல் உருவான மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் திருவனந்தபுரத்தின் கைரளி, ஸ்ரீ போன்ற தியேட்டர்களைத் தானே நடத்துகிறது. சர்வதேசத் திரைப்பட விழாவுக்கே அவை முக்கியக் களம். சென்னையில் 1913இல் தொடங்கிய எலக்ட்ரிக் தியேட்டர் அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் அஞ்சல்தலை நிலையமாகப் பிழைத்திருப்பதற்குக் காரணம், அது பொதுச் சொத்தானதுதான். பெரிய அரங்கை வைத்திருப்பவருக்குச் சொத்து வரியில் தள்ளுபடி, ஒரே கூரையின் கீழ் சிறு திரைகள் சேர்க்க எளிய அனுமதி, பதிலுக்கு முன்வரிசையில் கூலிக்காரருக்குக் கட்டுபடியாகும் டிக்கெட், படம் இல்லாத நாள்களில் பள்ளிக்கும் நாடகத்துக்கும் ஊர்க் கூட்டத்துக்கும் அரங்கு என்று ஒப்பந்தம் போடலாம். நூலகத்துக்கும் பூங்காவுக்கும் செலவிடும் நகராட்சிக்கு இது புதிய தத்துவம் அல்ல. மிஞ்சியிருக்கும் பெரிய தியேட்டர்களைக் கணக்கெடுத்து இந்த ஒப்பந்தத்தை உரிமையாளர்கள் முன்னால் வைக்கும் வேலையை இரு மாநிலங்களின் உள்ளாட்சிகளும் இப்போதே தொடங்க வேண்டும். விற்பனைப் பத்திரம் எழுதிய பிறகு ஊருக்குப் பேச இடமில்லை.