ஒரே நிலம், மூன்று கணினிப் பதிவுகள்: வக்ஃப் சொத்து விவரங்கள் ஏன் பொருந்துவதில்லை?

வளவனூரில் ஒரு பள்ளிவாசலுக்கு முன்னோர் எழுதிவைத்த நஞ்சை நிலம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய பத்திரத்தில் மாவட்டம் தென்னாற்காடு என்றிருக்கும். 1993-லிருந்து அது விழுப்புரம். பத்திரத்தில் ஏக்கர், சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர். இடையில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் (யு.டி.ஆர்.) சர்வே எண்ணோ உட்பிரிவோ மாறியிருக்கலாம். பள்ளிவாசலின் பெயருக்குப் பதிலாக அன்றைய முத்தவல்லியின் பெயர் பட்டாவில் ஏறியிருக்கவும் கூடும். நிலம் நகரவில்லை. ஆனால் கணினிக்கு இவை வெவ்வேறு நிலங்கள்.

இன்று இந்த நிலத்தின் விவரம் மூன்று இடங்களில் இருக்கிறது. வருவாய்த்துறையின் 'தமிழ்நிலம்' மென்பொருளுக்குத் தெரிந்தது சர்வே எண்ணும் பட்டா எண்ணும். பதிவுத்துறையில் 2018-இல் நடைமுறைக்கு வந்த 'ஸ்டார் 2.0' பத்திர எண்ணை வைத்துத் தேடும். வக்ஃப் வாரியத்துக்கு அரசிதழ்ப் பட்டியலின் வரிசை எண்தான் அடையாளம். ஒவ்வொரு அலுவலகமும் தன் வேலைக்கு ஏற்றபடி செய்துகொண்ட ஏற்பாடு இது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

இரண்டு மென்பொருள்கள் நன்றாக இணைந்தால் மக்களுக்கு அலைச்சல் குறைகிறது. உட்பிரிவு தேவைப்படாத நிலத்தைக் கிரயம் செய்தால், பதிவுத்துறையிலிருந்து விவரம் தமிழ்நிலத்துக்குப் போய்ப் பட்டா தானாகவே மாறுகிறது. முன்பு இதற்குத் தாலுகா ஆபீஸுக்கு எத்தனை நடை நடந்தோம்!

அதே இணைப்பு தவறான விவரத்தின் மேல் நடந்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருச்சி மாவட்டம் திருச்செந்துறை சாட்சி. 2022-இல் அங்கே தன் நிலத்தை விற்கப் போனவரிடம், வக்ஃப் வாரியத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் சொன்னார்கள். வாரியம் அனுப்பிய பட்டியலில் அந்த ஊர் நிலங்கள் இருந்தன. ஒரு துறையின் பட்டியல் இன்னொரு துறையில் பதிவுத் தடையாக மாறியது. அதற்கு முன் சர்வே எண் வாரியாக, இன்றைய பட்டாவோடு ஒப்பிட்டு அங்குள்ளவர்களிடம் விசாரித்திருக்க வேண்டும். அந்த ஊரின் பெயர் 2024-இல் வக்ஃப் திருத்த மசோதாவுக்கு ஆதரவாக நாடாளுமன்றம் வரை போனது. ஒரு பட்டியலைச் சரிபார்க்காததற்குச் சமுதாயம் கொடுத்த விலை சிறியதல்ல என்பதே எங்கள் கருத்து.

இப்போது 'உமீத்'. 2025 ஜூன் 6-இல் மத்திய அரசு தொடங்கிய இந்தத் தளத்தில், ஏற்கெனவே 'வாம்சி' தளத்தில் இருந்த சொத்துகளையும் ஆறு மாதத்துக்குள் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது. முத்தவல்லி ஏற்றுவார், வாரியத்தில் ஒருவர் சரிபார்ப்பார், இன்னொருவர் ஒப்புதல் தருவார். அவகாசத்தை நீட்டிக்க உச்ச நீதிமன்றம் டிசம்பர் 1 அன்று மறுத்து, தேவைப்படுவோர் வக்ஃப் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்றது. டிசம்பர் 6-இல் தளம் மூடப்பட்டபோது நாடு முழுவதும் 5,17,040 சொத்துகளுக்குப் பதிவு தொடங்கப்பட்டிருந்தது. ஒப்புதல் கிடைத்தது 2,16,905-க்கு மட்டும். சரிபார்ப்பில் 10,869 நிராகரிக்கப்பட்டன.

சர்வர் மெதுவாக இருந்தது என்று எல்லோரும் சொன்னோம், அது உண்மைதான். ஆனால் சர்வர் வேகமாக இருந்திருந்தாலும், எந்த சர்வே எண்ணை நிரப்புவது என்று தெரியாத முத்தவல்லிக்கு அது உதவியிருக்காது.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகள் கணினி முன் உட்காரும் முன்பே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. அரசிதழ் நகல், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை வாங்கி ஒரே மேசையில் வையுங்கள். பழைய எண்ணுக்கு இன்றைய எண் எது என்பதைத் தாலுகா அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். 1 ஹெக்டேர் சுமார் 2.47 ஏக்கர்; அளவு அந்தக் கணக்கில் ஒத்துவராவிட்டால் நிலத்தின் ஒரு பகுதி வேறு உட்பிரிவில் போயிருக்கலாம். மையவாடியை மறந்துவிடாதீர்கள்: வருமானம் இல்லாததால் அதன் காகிதத்தை யாரும் தேடுவதில்லை.

இன்னொன்று. தளத்தில் நுழையும் கைபேசி எண் ஒருவருடைய சொந்த எண்ணாக இருக்கிறது. முத்தவல்லி மாறும்போது பள்ளிவாசல் சாவியோடு அந்தக் கணக்கும் புதியவரிடம் போய்ச் சேர வேண்டும். அதை ஜமாஅத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.