டி.எம். கிருஷ்ணாவும் மிருதங்கத்தின் தோலும்

2024 மார்ச்சில் சென்னை மியூசிக் அகாடமி, அவ்வாண்டின் சங்கீத கலாநிதி விருதுக்கு டி.எம். கிருஷ்ணாவைத் தேர்ந்தெடுத்தது. அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே ரஞ்சனி - காயத்ரி சகோதரியர் உள்ளிட்ட கலைஞர்கள் சிலர், அகாடமியின் டிசம்பர் நிகழ்வுகளிலிருந்து விலகுவதாகக் கூறினர். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் கலாநிதிகளுக்கு வழங்கப்படும் பரிசை இவருக்குத் தரக்கூடாது என எம்.எஸ்ஸின் பேரன் வழக்குத் தொடுத்தார். பரிசு வழங்கப்பட்டபின், டிசம்பர் 16 அன்று, அதைப் பெற்றவராகக் கிருஷ்ணா தம்மைக் காட்டிக்கொள்ளக் கூடாது என உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. கலாநிதி பட்டமோ 2025 ஜனவரி 1 அன்று முறைப்படி அவரைச் சேர்ந்தது.

இந்தச் சண்டை முழுவதும் அவர் பேசியதைப் பற்றியே நடந்தது. அவர் செய்த வேலைகளில் முக்கியமானதாக நான் கருதுவது இதில் அதிகம் பேசப்படவில்லை.

கிருஷ்ணா 1976இல் பிறந்தவர். செம்மங்குடி சீனிவாச ஐயரிடம் பயின்றவர். சென்னை விவேகானந்தா கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர் என்பதில், அதே பாடத்தை நடத்தி ஓய்வுபெற்ற எனக்குச் சிறு மகிழ்ச்சியும் உண்டு. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் காலத்திலிருந்து நிலைபெற்ற கச்சேரி வரிசையைக் கலைத்து, தொடக்கத்தில் வரவேண்டிய வர்ணத்தை நடுவில் பாடினார். 2015இல் டிசம்பர் சபாக்களில் இனிப் பாடுவதில்லை என அறிவித்தார். ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர்களோடு சேர்ந்து விழா எடுத்ததும், எண்ணூர்க் கழிமுகத்துக்காகப் ‘புறம்போக்கு’ பாடலைப் பாடியதும் பலர் அறிந்தவை. 2016இல் மகசேசே விருது கிடைத்தது.

நான் சொல்ல வந்த வேலை, 2020இல் ஆங்கிலத்தில் வெளியான ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் நூல். மிருதங்கம் செய்வோரின் வரலாறு அது. பலாமரக் கட்டையில் பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல் சேர்ந்தால்தான் மிருதங்கம். தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, இழுத்துக் கட்டி நாதத்தை வரவழைப்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் வாசிப்புக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்து என்பவரின் கையும் காதும் இருந்தன. வித்வான் கேட்கும் ஒலியைத் தோலில் கண்டுபிடிக்க வேண்டியவர் அவர். அதைக் கைவேலை என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? வாசிப்பவர் நாள்தோறும் தொடுவதும் அதே தோல்தான். தீட்டு மட்டும் செய்தவரோடு நின்றுவிடுகிறது. நூலின் பகுதி நாளேட்டில் வெளிவந்ததும், சர்ச்சையும் அரசியல் சாயலும் இருப்பதாகக் கூறி, வெளியீட்டுக்குத் தந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது.

கேத்திப் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு இந்நூலைப் படிக்கும்போது கோத்தர்களின் நினைவு வராமல் இருக்காது. நீலகிரியில் இரும்பு, மண், மரம் ஆகிய மூன்று வேலைகளும் அவர்களுடையவை. கொல் என்னும் குழலையும் பறைகளையும் தாமே செய்து தாமே இசைத்தார்கள். படகர்களின் இறப்புச் சடங்குக்குக் கோத்தர் இசை வேண்டும். ஈடாகத் தானியம் கிடைத்தது. அங்கே செய்பவரும் வாசிப்பவரும் ஒருவரே. ஆயினும் தோலையும் இறந்த விலங்கையும் கையாண்டதால் அவர்கள் தாழ்வாகவே மதிக்கப்பட்டனர். கடந்த நூற்றாண்டில் படகர்களிடையே கோத்தர் இசையைத் தவிர்க்கும் இயக்கம் எழுந்து, அந்தப் பரிமாற்றம் மெல்ல அற்றுப்போனது. சமவெளியில் வேலை பிரிந்து, மரியாதை ஒரு பக்கம் போனது. மலையில் வேலை பிரியவில்லை, மரியாதையும் வரவில்லை. ஆகவே இதை வெறும் வேலைப் பகுப்பின் விளைவு என்று விளக்கிவிட இயலாது. பாடகர்களையே உற்பத்தி செய்யாத உழைப்பாளர் வரிசையில் வைத்த ஆடம் ஸ்மித்திடம் இதற்கு விடை தேடுவதும் வீண்.

கிருஷ்ணாவின் மீது எனக்குக் குறைகளும் உண்டு. எம்.எஸ்ஸின் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதியதில், அந்த அம்மையார் தாமே தேர்ந்துகொண்ட வழிக்கு உரிய இடம் தரவில்லை என்று நினைக்கிறேன். சபாக்களை விட்டு விலகும் துணிவுக்கு, அதே சபாக்கள் சேர்த்துக்கொடுத்த புகழ் முதலீடாக இருந்தது என்று எதிர்ப்பாளர்கள் சொல்வதும் பொய்யல்ல. மிருதங்கம் செய்பவர் ஒருவர் அவ்வாறு விலகினால் அடுத்த மாத வாடகைக்கு வழியிராது. ஆனால் இந்தக் குறை அந்த நூலின் உண்மையைத் தொடுவதில்லை. வசதியுள்ள இடத்தில் நின்றவர் என்பதால்தான், வித்வான்களின் வீட்டுக் கூடத்திலும் தோல் பதனிடும் இடத்திலும் ஒருங்கே அமர்ந்து கேட்க அவரால் முடிந்தது.

கலாநிதி விருதை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள். அவற்றில் என் கண்ணில் பட்டவற்றுள் மிருதங்கம் செய்வோர் எவர் பெயரும் இல்லை. அந்த டிசம்பரிலும் அகாடமி மேடைக்கு மிருதங்கங்கள் வந்தன. எவர் வாசிக்கிறார் என்பதை நிகழ்ச்சி நிரல் சொன்னது.