வட்டக்களரியில் ஓர் இரவு

மட்டக்களப்புக் கூத்தைப் பற்றி எம் மாணவர் எழுதும் கட்டுரைகளை ஆண்டுதோறும் திருத்தி வருகிறோம். வடமோடி பெரும்பாலும் போரையும் வீரத்தையும் பாடும், தென்மோடி காதற் கதைகளை விரும்பும் என்பதையெல்லாம் பிழையின்றி எழுதிவிடுகின்றனர். ஆனால், களரியருகே விடியும்வரை இருந்து கூத்துப் பார்த்தவர் யாவர் என்று வகுப்பிற் கேட்டபோது இரண்டு கைகளே உயர்ந்தன. ஆகவே, சென்ற வைகாசியில் 15 மாணவரை அழைத்துக்கொண்டு படுவான்கரைக் கிராமம் ஒன்றிற்குச் சென்றோம். அன்றிரவு அங்கே கர்ணன் போர் அரங்கேற்றம்.

கோயில் வெளியில் மண் இட்டு உயர்த்திய வட்டக்களரி. சுற்றிலும் பாய்களில் ஊரார். எப்பக்கமும் பார்வையாளர் இருப்பதால், ஆடுபவன் ஒருபக்கம் முகங்காட்டி நின்றுவிட இயலாது. சுற்றிச் சுற்றி ஆடியே தீரவேண்டும். நடுவில் மத்தளத்துடன் அண்ணாவியார். பத்து மணிக்கே கொட்டாவி விட்ட எம் மாணவன் ஒருவன், அருகிலிருந்த முதியவரிடம், “ஐயா, இது எத்தனை மணிக்கு முடியும்?” என்று கேட்டுவிட்டான்.

“கர்ணன் சாகாம கூத்து எப்பிடி மனே முடியும்?” என்றார் அவர். பின்பு தம் பாயிலேயே அவனுக்கு இடங்கொடுத்தார்.

அம்முதியவர் தம் இளமையில் திரௌபதி வேடம் ஆடியவராம். பெண் வேடத்தையும் ஆண்களே ஆடுவது கூத்தின் வழக்கம். அரங்கேற்றம் என்பது கடைசி நாள்தான் என்று அவர் சொன்னது எம்மைச் சிந்திக்க வைத்தது. முதலில் ஊர்ப் பெரியோர் கூடிக் கூத்தைத் தெரிவர். அண்ணாவியார் ஒவ்வொருவர் குரலையும் உடல்வாகையும் நோக்கி இன்னாருக்கு இன்ன வேடம் என்று வகுத்து, அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பார். இதற்குச் சட்டங் கொடுத்தல் என்று பெயர். கர்ணன் தமக்கே என்று எண்ணியிருந்தவர் சேவகனாகத் திரும்புவதும் உண்டு. அன்றைக்கு எழும் மனத்தாங்கலைத் தீர்ப்பதும் அண்ணாவியார் பொறுப்பே. பின்பு மாதக்கணக்கில், வயல் வேலை முடிந்த இரவுகளிற் பழக்கம். கால் ஓரளவு தேறிய பின்னரே, நல்ல நாள் பார்த்துச் சதங்கை அணிதல். அதன்பின் வேடமின்றி முழுக்கூத்தையும் ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல். இவ்வளவும் கடந்தே களரி.

இக்கலையைப் படித்தவரும் மதிக்கச் செய்த பெருமை பேராசிரியர் சு. வித்தியானந்தனுக்கு உரியது. இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராயிருந்த அவர், 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு இதே கர்ணன் போரைச் சுருக்கி மேடையேற்றினார். பின்னர் வந்த இராவணேசனும் அவ்வழியினதே. அவருடைய சுருக்கத்தின் பின்னால் கிராமத்து அண்ணாவியார்களின் பயிற்சி இருந்தது. எமது சுருக்கத்தின் பின்னால் இருந்தது போட்டியின் நேரவரையறை மட்டுமே. ஆம், நாமும் பாடசாலைப் போட்டி ஒன்றிற்காகக் கர்ணனைச் சில நிமிடங்களுக்குள் கொன்றவர்களே, பரிசும் பெற்றோம். 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் பல ஊர்களில் மக்கள் இரவிற் கூடுவதே அரிதாயிற்று. பழக்கக் களரிகள் அடங்கியிருந்த அக்காலத்தில் வளர்ந்தவர்கள்தாம் இன்றைய ஆசிரியர்கள். எம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

கிழக்கு வெளுக்கும் வேளையிற் கர்ணன் வீழ்ந்தான். எம் மாணவரில் ஐவர் உறங்கிவிட்டனர் என்பதையும் மறைக்கவில்லை. மத்தளத்தைக் கழற்றி வைத்துத் தேநீர் அருந்திக்கொண்டிருந்த அண்ணாவியாரிடம், போட்டியிற் கர்ணனாக ஆடிய எம் மாணவனை அறிமுகஞ் செய்தோம். “பாடு பாப்பம்” என்றார். நன்றாகவே பாடினான். ஓரிடம் வந்ததும் நிறுத்தினான்.

“மத்தது?”

அவனுக்குத் தெரியவில்லை. அது நாம் வெட்டிய இடம். அண்ணாவியார் தொடையில் தாளமிட்டு அடுத்த தருவைத் தாமே பாடினார். பையன் மெல்லக் கூடப் பாடத் தொடங்கினான். பேருந்துச் சாரதி இருமுறை ஒலியெழுப்பியும் அவன் எழவில்லை. கூத்துக் கொப்பியைப் பிரதி செய்து தரமுடியுமா என்று நாம் கேட்டோம். “கொப்பி தாறன் சேர். ஆனா கொப்பி ஆடாது. புள்ளைய அனுப்புங்க” என்றார்.

ஆவணியில் அவ்வூரிற் புதிய கூத்திற்குச் சட்டங் கொடுக்க இருக்கிறார்கள். மாணவன் போக ஆயத்தமாயிருக்கிறான், தாயாரும் இசைந்துவிட்டார். பரீட்சை நெருங்குகிறதே என்று தந்தையார் மட்டும் தயங்குகிறார். வரும் ஞாயிறன்று அவரைச் சந்திக்க அவர்கள் வீட்டிற்குச் செல்கிறோம்.