ஃபேனை நிறுத்துங்க, லைவ் ஆரம்பிக்குது!

மேட்டூர்ப் பக்கம், புடவை வியாபாரம் நடக்கிற ஒரு வீட்டுக்குள் ராத்திரி எட்டரை மணிக்கு மேல் நுழைந்து பாருங்கள். முதலில் காதில் விழுவது இந்தச் சத்தம்தான்: "ஃபேனை நிறுத்துங்க!" ஏன் தெரியுமா? ஃபேன் ஓடினால் மைக்கில் இரைச்சல் ஏறும். முந்தானை பறக்கும். ஜரிகை நிலையாக நிற்காது. அதனால் சித்திரைப் புழுக்கமாகவே இருந்தாலும் ஃபேன் நின்றாக வேண்டும். குக்கர் விசில் அடித்துவிடக் கூடாது என்று அடுப்பு அணையும். டிவி வாயை மூடும். தாத்தா திண்ணைக்குப் போவார். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தோடு அடுத்த அறைக்குள் தள்ளப்படுவார்கள். வட்ட விளக்கு பளிச்சென்று எரியும். இரண்டு நொடிக்கு முன்பு வரை "அந்த டேப்ப எங்கடா வெச்ச?" என்று கத்திக்கொண்டிருந்த அக்கா, கேமராவைப் பார்த்து மலர்ந்து, "வணக்கம் சிஸ்டர்ஸ்! எல்லாரும் சாப்டீங்களா?" என்பார்.

அடடா, அந்த ஒரு நொடி! எந்த மேடை நாடகத்திலும் இவ்வளவு வேகமாகத் திரை தூக்கி நான் பார்த்ததில்லை.

இந்தப் பக்கத்துப் புடவைகள் எப்படி ஊர் ஊராகப் போய்ச் சேர்கின்றன என்பதும் கேட்கக் கேட்கக் குஷியான கதை. மேட்டூரிலிருந்து நங்கவள்ளி, வனவாசி, ஜலகண்டாபுரம் என்று போனால் தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம் கூடவே வரும். இன்னும் தள்ளிப் போனால் கஞ்சமலை அடிவாரத்தில் இளம்பிள்ளை. புடவை என்றால் இளம்பிள்ளை என்று தமிழ்நாடு முழுக்கப் பேர் வாங்கிய ஊர். அங்கே கடைக்காரர் ஒரு டிசைனைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். அந்தப் படம் மேட்டூரில் இருக்கும் ஒரு ரீசெல்லரின் ஸ்டேட்டஸுக்கு வரும். அங்கிருந்து அவருடைய சித்தி மகளுக்கு, சித்தி மகளின் ஆபீஸ் தோழிக்கு, தோழியின் சிங்கப்பூர் நாத்தனாருக்கு! காலையில் தறியிலிருந்து இறங்கிய புடவை மாலைக்குள் கடல் தாண்டிப் பேசப்படுகிறது. நடுவில் இருக்கும் ரீசெல்லர் அந்தப் புடவையைக் கையால் தொட்டிருக்கக்கூட மாட்டார். கூரியர் நேராக இளம்பிள்ளையிலிருந்தே போய்விடும். கடை வாடகை இல்லை, போர்டு இல்லை, அட்வான்ஸ் இல்லை. கையில் ஒரு செல்போனும் வாயில் நல்ல பேச்சும் இருந்தால் போதும், ஒரு பெண் முதலாளி ஆகிவிடலாம். இதைப் பார்த்துக் குதிக்காமல் எப்படி இருப்பது?

லைவ் போடுகிறவரோ புடவையைக் கையில் வைத்துத்தான் காட்ட வேண்டும். அவருடைய கேமராவுக்கு இந்தப் பக்கம் வாருங்கள். திரையில் தெரிவது ஒருவர்தான். தெரியாமல் இருப்பவர்கள் மூன்று பேராவது உண்டு. அடுத்த புடவையைப் பிரித்து, மடிப்பு கலையாமல் கையில் கொடுக்கிற மாமியார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எந்த நம்பர் புடவைக்கு யாருடைய ஸ்கிரீன்ஷாட் முதலில் வந்தது என்று நோட்டில் எழுதுகிற காலேஜ் பையன். பணம் வந்துவிட்டதா என்று இன்னொரு போனில் பார்த்துக்கொண்டே இருக்கும் வீட்டுக்காரர். "பன்னிரண்டு புக்ட்!" என்று பையன் உதட்டை மட்டும் அசைப்பான். அக்கா கண்ணாலேயே வாங்கிக்கொண்டு, "பன்னிரண்டு சோல்ட் அவுட் சிஸ்டர்ஸ்" என்பார். பேச்சில் ஒரு தடங்கல் இருக்காது! ஃபேஸ்புக் நிறுவனம் தன்னுடைய லைவ் ஷாப்பிங் வசதியை 2022 அக்டோபர் 1-ஆம் தேதியோடு மூடிவிட்டது. அத்தனை பெரிய கம்பெனி மூடிய வசதியை நம் ஊர்க் குடும்பங்கள் ஸ்கிரீன்ஷாட், நோட்டு, பேனா ஆகிய மூன்றை வைத்து ஜோராக நடத்துகின்றன.

இதில் பெரிய கூத்து கலர்தான். போன் கேமராவுக்கு ராமர் பச்சை என்றால் ஏனோ ஆகாது. நீலமாகக் காட்டும். அரக்கு கறுத்துவிடும். மயில் கழுத்துக் கலரோ ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு வேஷம் போடும். அதனால் விவரமான ஆள் புடவைக்கு இரண்டு படம் எடுப்பார். விளக்கு வெளிச்சத்தில் ஒன்று, காலை பத்து மணிக்கு வாசற்படியில் வெயில் நேராக விழாத இடத்தில் இன்னொன்று. புடவையின் ஓரத்தை விரலில் சுற்றி, உள்ளங்கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். கையின் நிறம் பார்ப்பவருக்குத் தெரிந்ததுதானே, அதை வைத்துப் புடவையின் நிறத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். இதை அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லித் தரவில்லை. "நான் கேட்ட கலர் இது இல்லீங்க" என்று திரும்பி வந்த பார்சல்கள் சொல்லிக் கொடுத்தவை.

புடவையை விட்டு மேட்டூர் அணைக்கட்டுப் பக்கம் வந்தால் அங்கே வேறு படப்பிடிப்பு. மீன் வறுவல் கடைகள்! கட்லாத் துண்டில் மசாலா தடவுவதை ஒருவர் எடுக்க, எண்ணெயில் போடுகிற 'ஸ்ஸ்ஸ்' சத்தத்துக்கு இன்னொருவர் போனை நீட்ட, கடைக்காரம்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி "எடுத்தாச்சுங்களா? மீன் தீயுது கண்ணு" என்று நிற்பார். லென்ஸில் எண்ணெய்ப் புகை படிந்துவிடும். தோளில் கிடக்கும் துண்டால் யாராவது துடைத்துத் தருவார்கள். 2025 ஜூன் 29 அன்று அணை 120 அடியைத் தொட்டது. அப்படி அணை நிரம்பி, பதினாறு கண் மதகில் நுரை பொங்கி உபரி நீர் இறங்கும் நாட்களில் ரீல்ஸ் எடுக்க வராத போன் கிடையாது. மதகைப் பார்த்தவர்கள் அப்படியே மீன் கடைக்கு வருவார்கள். ஒரு வீடியோ நன்றாக ஓடிவிட்டால் அடுத்த ஞாயிறு கூட்டம் தாங்காது. மீனோ வழக்கமாக வரும் அளவுதான் வரும். மதியம் இரண்டு மணிக்கே தீர்ந்துவிடும். சேலத்திலிருந்து வண்டி ஓட்டி வந்தவர் ஏமாந்துபோய் கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். விடிகாலையிலிருந்து அடுப்படியில் நின்ற அம்மாவின் மகன் அதை ராத்திரி வாசித்துக் காட்டுவான். அன்று முழுக்கச் சாப்பிட்டுவிட்டு வாயாரப் பாராட்டிய நூறு பேர் அவருக்கு மறந்துபோவார்கள். அந்த ஒரு நட்சத்திரம் மட்டும் கண்ணில் குத்திக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் எனக்குக் குஷியோடு கவலையும் சேர்கிறது. இந்த வியாபாரத்தை நான் மனதார நேசிக்கிறேன். அதனாலேயே லைவ் முடிந்த பிறகு நடப்பதையும் சொல்லியாக வேண்டும்.

ராத்திரி பத்தரைக்கு விளக்கு அணையும். ஃபேன் சுற்றும். அப்போதுதான் அக்கா சாப்பிட உட்காருவார். இடது கையில் போன். "ஏழாம் நம்பர் இருக்கா?" "ரேட் என்ன?" "கொஞ்சம் கம்மி பண்ணுங்க." "ஃபால்ஸ் வெச்சுத் தருவீங்களா?" நீலக் குறி விழுந்துவிட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை என்றால் திமிர் என்பார்கள். பதினொன்றரை ஆகும், பன்னிரண்டும் ஆகும். துபாயில் இருப்பவருக்கு அப்போதுதான் வேலை முடிந்து ஓய்ந்த நேரம். நடுவில் யாரோ ஒரு முகம் தெரியாத ஆள், புடவையைப் பற்றி எழுதாமல் அக்காவின் உடம்பைப் பற்றி ஒரு கமென்ட் எழுதியிருப்பான். அதை அழித்துவிடலாம். படித்ததை என்ன செய்வது? கட்டைவிரல் வலி, கழுத்து வலி, நேற்று மூவாயிரம் பேர் பார்த்தார்கள் இன்று முந்நூறு பேர்தான் என்ற கணக்கு, இளம்பிள்ளையில் இன்னொருத்தி எத்தனை பார்சல் போட்டாள் என்ற ஒப்பீடு. எல்லாவற்றையும் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறார்.

கடைத்தெருவில் இருக்கிற கடைக்கு ஷட்டர் உண்டு. ஒன்பது மணிக்கு இழுத்துவிட்டால் யாரும் தட்ட மாட்டார்கள். செல்போனுக்குத்தான் ஷட்டர் இல்லை.

ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்த்த பெண்கள் நினைவிருக்கிறார்களா? கேரளம் 2018-இல் அவர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-இல் தன்னுடைய கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை வைத்தே ஆக வேண்டும் என்றது. எத்தனை கால்கள் வாழ்த்தியிருக்கும்! பிரான்ஸில் 2017 முதல், ஆஸ்திரேலியாவில் 2024 முதல், வேலை நேரம் முடிந்தபின் ஆபீஸ் போனை எடுக்காமல் இருக்கும் உரிமைக்கும் சட்டம் இருக்கிறது. எல்லாம் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு. தன் வீட்டுக் கூடத்தில் இரண்டு மணி நேரம் நின்று புடவை காட்டும் அக்காவுக்கு முதலாளி அவரேதான். அவருக்கு நாற்காலி போட எந்த அதிகாரியும் வரப் போவதில்லை. அவரே போட்டுக்கொள்ள வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல், வேலைச் சூழலால் வரும் அதீதக் களைப்பைத் தன் நோய் வகைப்பாட்டில் விவரமாக வரையறுத்தது. அதற்கு மூன்று அடையாளம் சொன்னது: சத்தெல்லாம் வற்றிப்போன சோர்வு, ஆசையாகச் செய்த வேலைமீதே வெறுப்பு, எதைச் செய்தும் பலனில்லை என்ற எண்ணம். "லைவ் போடணும்னு நெனச்சாலே வயித்தக் கலக்குதுங்க" என்று ஒரு வியாபாரி சொல்கிறார் என்றால் அதைச் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். அது இந்த மூன்றில் ஒன்றாக இருக்கலாம்.

2021 அக்டோபர் 4 ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது மணி தாண்டியதும் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒன்றாகப் படுத்துவிட்டன. சுமார் ஆறு மணி நேரம்! வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில் உலகம் முழுக்க ஊமை. ஆனால் விடிந்ததும் வாடிக்கையாளர்கள் திரும்ப வந்தார்கள். அதற்கு முந்தைய வருடம், 2020 ஜூன் 29-இல் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது கதை வேறு. பல வருடம் சேர்த்த ஆட்கள் ஒரே ராத்திரியில் காணாமல் போனார்கள். ஜூலை 8-இல் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, எல்லோரும் ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: ஒரு ராத்திரி பதில் போடாவிட்டால் வாடிக்கையாளர் போய்விட மாட்டார். ஆனால் அவருடைய பெயரும் நம்பரும் நம் சொந்த நோட்டில் இல்லாவிட்டால், ஆப் போகும்போது அவரும் போய்விடுவார். அதனால் தூக்கத்தைக் கொடுத்து ரீச்சை வாங்குவதைவிட, அரை மணி நேரம் உட்கார்ந்து அந்த நோட்டை எழுதுவது எவ்வளவோ மேல்.

விவரமானவர்கள் ஷட்டரைத் தாங்களே செய்துகொள்கிறார்கள், அதைப் பார்க்கத்தான் எனக்குக் கொண்டாட்டம்! 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸில் கடை நேரத்தைக் குறித்து வைக்கலாம். நேரம் கடந்து யார் எழுதினாலும் "கடை காலை பத்து மணிக்குத் திறக்கும், கண்டிப்பா பதில் சொல்றேங்க" என்று அதுவே பணிவாகச் சொல்லிவிடும். நாளைக்கு நாற்பது தடவை டைப் செய்கிற "பார்சல் ஓபனிங் வீடியோ கட்டாயம்" போன்ற பதில்களைச் சேமித்து வைத்து ஒரே தட்டில் அனுப்பலாம். இன்ஸ்டாகிராமில் மோசமான சொற்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டால், அவை வருகிற கமென்ட்டை அதுவே மறைத்துவிடும். லைக் எண்ணிக்கை கண்ணில் படாமலும் வைக்கலாம். அந்த வசதி 2021-இலேயே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசற்படி வெளிச்சத்தில் ஏழு நாளுக்கான படங்களை எடுத்து, நேரம் குறித்துப் போட்டுவிட்டால் வாரம் முழுக்கக் கை காலியாக இருக்கும். வியாபாரத்துக்குத் தனி நம்பர், தனி போன். அது ராத்திரி கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும், படுக்கையறைக்குள் அதற்கு வேலை இல்லை. மீன் கடைக்கு இதைவிடச் சுலபம்: மீன் தீர்ந்ததும் "இன்னைக்கு முடிஞ்சுதுங்க" என்று ஒரு ஸ்டேட்டஸ். சேலத்துக்காரர் பெட்ரோலும் மிஞ்சும், நட்சத்திரமும் தப்பும்.

இத்தனையும் செய்து பார்த்தும் தூக்கம் வரவில்லை, மனசு பாரமாகவே இருக்கிறது என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் அது. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. மில் முதலாளிக்கு மட்டும்தான் மன அழுத்தம் வரும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

வாங்குகிற நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு மாம்பழ மஞ்சள் கண்ணைப் பறிக்கிறதா? ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காலையில் அனுப்புங்கள். நீலக் குறி விழுந்து பத்து நிமிடம் ஆனாலும் கேள்விக்குறியாக அடுக்காதீர்கள். மீன் தீர்ந்துவிட்டால் நட்சத்திரத்தைக் குறைக்காதீர்கள், அடுத்த வாரம் சீக்கிரம் போங்கள். பார்சல் வந்து புடவை பிடித்திருந்தால், கட்டிக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து "சூப்பரா இருக்குங்க அக்கா" என்று அனுப்பிவிடுங்கள். அதையும் பகலிலேயே அனுப்புங்கள்.