அய்யய்யோ, ஜோக்கர் பாடுறான்!

கலவரமும் வெறிச்சிரிப்பும் பார்க்கலாம் என்று 2024 அக்டோபரில் தியேட்டருக்குள் போனால், ஜோக்கரான ஆர்தர் ஃபிளெக் வாயைத் திறந்து பாட ஆரம்பிக்கிறான்! அமெரிக்காவில் படம் முடிந்து வெளியே வந்தவர்களிடம் சினிமாஸ்கோர் நிறுவனம் கருத்துக் கேட்டதில் கிடைத்த கிரேடு 'டி'. காமிக்ஸ் படம் எதுவும் அதற்கு முன் அவ்வளவு கீழே இறங்கியதில்லை. திட்டுகிறவர்கள் திட்டட்டும். நாம் பின்வாசல் வழியாக 'ஜோக்கர்: ஃபோலி ஆ தூ' செட்டுக்குள் நைசாக நுழைந்துவிடலாம், வாங்க.

இந்த விபரீத யோசனையின் மூலம் ஒரு கனவு. நிஜமாகவே! ஜோக்கராக மேடையேறிப் பாடுவதுபோல, அந்த வேடத்தில் நடித்த வாக்கீன் ஃபீனிக்ஸுக்குக் கனவு வர, அதை டைரக்டர் டாட் ஃபிலிப்ஸிடம் சொல்லியிருக்கிறார். 2019-ல் வந்த முதல் படம் 100 கோடி டாலரைத் தாண்டியதால் கனவுக்குக் காசும் கிடைத்தது.

பாட்டு எடுத்த விதம்தான் அமர்க்களம். ஸ்டுடியோவில் பாடி வைத்துக்கொண்டு செட்டில் வாயசைக்கிற வேலையே வேண்டாம், கேமரா ஓடும்போதே பாடுவோம் என்று முடிவு. பியானோ வாசிப்பவர் கண்ணில் படாமல் எங்கோ இருப்பார். அந்த ஓசை நடிகர்களின் காதுக்குள் மட்டும் கேட்கும். ஃபீனிக்ஸ் ஒரு டேக்கில் இழுத்துப் பாடுவார், அடுத்ததில் முணுமுணுப்பார். பியானோ பின்னாலேயே ஓடிவர வேண்டும்! ஆர்கெஸ்ட்ராவெல்லாம் அப்புறம்தான். லேடி காகாவுக்கோ நேரெதிர் தலைவலி. அரங்கமே அதிரப் பாடுகிற தொண்டை, கற்ற வித்தையை மறந்து பிசிறடிக்க வேண்டும். அவர் நடித்த லீ என்ற பெண் பாடகி இல்லையே!

இந்தப் பாட்டுக்கான விதை முதல் படத்திலேயே கிடக்கிறது என்பேன். ரயிலில் கொலை செய்துவிட்டு ஆர்தர் கழிவறைக்குள் ஓடுவானே, அங்கே துப்பாக்கியை ஒளித்துவிட்டு முகம் கழுவுவதாகத்தான் திட்டம். காட்சி சரியாக அமையாமல் தவித்தபோது, இசையமைப்பாளர் ஹில்டுர் குட்னடோட்டிர் அனுப்பியிருந்த செல்லோ இசையை ஃபிலிப்ஸ் போட்டுக் காட்டினார். ஃபீனிக்ஸ் மெல்ல ஆடத் தொடங்கினார். அதே இசைக்கு ஆஸ்கர். ஆடினவன் ஒருநாள் பாடத்தானே செய்வான்?

இரண்டாம் படத்தின் ஆரம்பத்தில் வரும் கார்ட்டூனைத் தவறவிடாதீர்கள். 'தி டிரிப்லெட்ஸ் ஆஃப் பெல்வில்' எடுத்த பிரெஞ்சுக்காரர் சில்வேன் ஷோமேயின் கைவண்ணம். அந்தச் சில நிமிடங்களுக்கு நான் ரசிகன். ஆனால் பின்னால் வரும் நீதிமன்றக் காட்சிகளில் எனக்கும் கொட்டாவி வந்தது.

விளம்பரத்தில்தான் கோட்டை விட்டார்கள். இதை மியூசிக்கல் என்று சொல்லவே படக்குழுவுக்குக் கூச்சம். பாட்டை ஒளித்து டிக்கெட் விற்றால் ரசிகன் சும்மா விடுவானா? 20 கோடி டாலரை நெருங்கும் செலவு, ஏறக்குறைய அதே அளவுதான் உலக வசூல். அத்தனை களேபரத்திலும் இயக்குநர் குவென்டின் டரன்டினோ, எனக்கு ரொம்பப் பிடித்தது, அதிலும் பாட்டுகள்தான் என்று சொல்லிவைக்க, சண்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது!