கதவுக்குள் விழுந்த கண்ணாடி

மாருதி 800 காரின் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் ரோட்டில் இன்னும் பார்க்கலாம். அந்த மாதிரி பழைய கார்களில் திடீர்னு 'டொக்'கென்று சத்தம் கேட்டு, கண்ணாடி கதவுக்குள்ளே விழுந்துவிடும். கைப்பிடி மட்டும் லேசாகச் சுத்தும். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கண்ணாடி உடைந்திருக்காது.

கண்ணாடியின் அடிப்பக்கம் ஓர் இரும்புச் சட்டத்தில் ரப்பர் வைத்து இறுக்கமாகச் செருகியிருக்கும். உள்ளே இருக்கும் மிஷின் தூக்குவது அந்தச் சட்டத்தைத்தான். ரப்பர் காய்ந்து, சட்டம் துருப்பிடித்தால் பிடி விட்டுப்போகும்.

சரிசெய்ய முதலில் கைப்பிடியைக் கழற்றணும். ஸ்க்ரூ தேடினால் கிடைக்காது. பின்னால் ஒரு கம்பி கிளிப் ஒளிந்திருக்கும். துணிப்பட்டையைக் கைப்பிடிக்குப் பின்னால் விட்டு, ஷூ பாலிஷ் போடுற மாதிரி இப்படியும் அப்படியும் இழுத்தால் தெறித்து வரும். (பிறகு அதைத் தேடுறதுதான் பெரிய வேலை!) அடுத்து உள்பக்க அட்டையையும் பிளாஸ்டிக் தாளையும் பிரிக்கணும். கண்ணாடியை மேலே தூக்கி டேப் ஒட்டி நிறுத்திவிட்டு, சட்டத்தின் துருவைச் சுரண்டி, புது ரப்பர் வைத்து, மரக்கட்டையால் மெதுவாகத் தட்டிச் செருகணும். இரும்புச் சுத்தியல் கூடவே கூடாது. இது சூடாக்கி, சட்டென்று குளிரவைத்துச் செய்த கண்ணாடி. நடுவில் பலசாலி. ஓரத்தில் அடிபட்டால் மொத்தமும் கல்கண்டு மாதிரி நொறுங்கிவிடும்.

சிலர் அந்தப் பிளாஸ்டிக் தாளைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அது தப்பு. மழைத்தண்ணீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். காருக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். தண்ணீர் வெளியேற கதவின் அடியில் சின்ன ஓட்டைகள் உண்டு. அதில் மண் அடைத்திருந்தால் குச்சியால் குத்தி விடணும். இல்லாட்டி தண்ணீர் தேங்கி, சட்டத்தோடு கதவும் சேர்ந்து துருப்பிடிக்கும்.